சோதனைக்கு வந்தவங்களை எப்படி அனுப்பி வைக்கிறோம்? ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல புகழ்பெற்ற உளவியல் சோதனைகளைப் பத்தி முழுப் பக்கக் கட்டுரை ஒண்ணு போட்டிருந்தீங்க. சுவாரஸ்யமா எழுதியிருந்தாங்க, அதை மறுக்கல, என் பையன் கூட போனைக் கீழ வச்சுட்டு படிச்சான்னா பாத்துக்கோங்க. ஆனா படிச்சு முடிச்சதுல இருந்து எனக்கு ஏதோ உறுத்திட்டே இருந்துச்சு, நாலு நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்துட்டு இப்பதான் உக்கார்றேன். உறுத்துனது கட்டுரை மட்டும் இல்ல. அதுக்குக் கீழ ஒரு கட்டம் கட்டி க்யூஆர் கோடு ஒண்ணு போட்டிருந்தீங்களே, உங்க மனநிலைய தெரிஞ்சுக்க ஸ்கேன் பண்ணுங்க, ஆய்வு மாணவருக்கு உதவுங்கன்னு, அதுவும் சேர்த்துதான். நான் ஸ்கேன் பண்ணேன். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

மேல இருக்கறவர் சொன்னா சாதாரண ஆளுங்க அடுத்தவருக்கு எவ்ளோ தூரம் ஷாக் குடுப்பாங்கன்னு ஸ்டான்லி மில்கிராம்ங்கற உளவியலாளர் பார்த்த சோதனையைப் பத்தி எழுதுன இடத்துல, 65 சதவீதம் பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்கன்னு கொட்டை எழுத்துல போட்டு, நீங்களா இருந்தா எந்த ஸ்விட்சோட நிறுத்தியிருப்பீங்கன்னு வாசகரைக் கேட்டு முடிச்சிட்டார் கட்டுரையாளர். எங்க பார்த்தாலும் இந்தக் கேள்வியைத்தான் கேக்குறாங்க, நான் சைக்காலஜி படிச்சப்ப வகுப்புல எங்களுக்கும் இதையேதான் கேட்டாங்க. எனக்கு வேற கேள்வி. கடைசி ஸ்விட்சையும் போட்டு முடிச்சுட்டு வெளிய வந்தார் பாருங்க ஒருத்தர், அவர் அன்னைக்கு ராத்திரி எப்படி தூங்குனார்?

ஏன்னா நடந்தது என்னன்னு பாருங்க. 1961-ல யேல் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச வேலை அது. பத்திரிகைல விளம்பரம் குடுத்து, ஞாபகசக்தி ஆய்வு, நாலரை டாலர் தர்றோம்னு சொல்லி சாதாரண ஆளுங்களை வரவச்சாங்க, தபால்காரர், வாத்தியார், கூலிவேலை பாக்குறவர்னு. முதல்ல வெளிவந்த ஆய்வுல 40 ஆம்பளைங்க. பக்கத்து ரூம்ல ஒருத்தர் பதில் தப்பா சொல்லச் சொல்ல இவங்க ஸ்விட்ச் போடணும், 15 வோல்ட்ல ஆரம்பிச்சு 15, 15-ஆ ஏறி 450 வரைக்கும் 30 ஸ்விட்ச். அந்தப் பக்கத்து ரூம் ஆளு செட்டப், ஷாக்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஆனா ஸ்விட்ச் போடுறவருக்கு அது தெரியாதே. 300 வோல்ட் போட்டதும் சுவத்தை டமடமன்னு அடிக்கிற சத்தம் வரும், அப்புறம் இன்னொரு தடவை அதே சத்தம், அதுக்கப்புறம் சத்தமே இருக்காது. போட முடியாதுன்னா, பக்கத்துல கோட்டு போட்டு நிக்கிறவர் சோதனைக்கு நீங்க தொடர்றது அவசியம்னு அமைதியா சொல்வார். வேர்த்துக் கொட்டுச்சு, நடுங்குனாங்க, திக்குனாங்க, 14 பேருக்கு அடக்க முடியாம சிரிப்பு வந்துச்சு, மூணு பேருக்கு வலிப்பு மாதிரியே உடம்பு இழுத்துச்சு, ஒருத்தருக்கு அது ரொம்ப மோசமாகி அன்னைக்கு சோதனையையே நிறுத்த வேண்டியதாயிடுச்சு. இதெல்லாம் யாரோ எதிரி எழுதுனது இல்லீங்க, மில்கிராமே 1963-ல தன் ஆய்வுக் கட்டுரைல எழுதி வச்சிருக்கார். சிரிச்ச முகமா தைரியமா உள்ள வந்த ஒரு பிசினஸ்காரர் 20 நிமிஷத்துல காதை இழுத்துக்கிட்டு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிலைகுலைஞ்சு போனதையும் அதுலயே படிக்கலாம்.

அடுத்த வருஷமே, 1964-ல, டயானா பாம்ரிண்ட்னு ஒரு உளவியலாளர் கேட்டாங்க, நம்பி வந்தவங்களை இப்படி நடத்தலாமா, போகும்போது அவங்க மனசு வந்தப்ப இருந்த மாதிரி இருந்துச்சுன்னு எதை வச்சு சொல்றீங்கன்னு. அதுக்கு மில்கிராம் சொன்ன பதில், நான் அப்புறமா கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டேன், 84 சதவீதம் பேர் கலந்துக்கிட்டதுல சந்தோஷம்னு சொல்லிட்டாங்க, வருத்தம்னு சொன்னவங்க 1.3 சதவீதம்தான்னு. எனக்கு இந்த 84 மேல நம்பிக்கை வர மாட்டேங்குது. கஷ்டப்பட்டு ஒண்ணை செஞ்சு முடிச்சவன் அது வீண்னு ஒத்துக்குவானா, அதுலயும் அறிவியலுக்கு உதவுனீங்கன்னு லெட்டர்ல எழுதி கையோட கேள்வித்தாளையும் வச்சு அனுப்புனா? இன்னொண்ணும் இருக்கு. மில்கிராமோட அந்த சோதனை வரிசைல கலந்துக்கிட்ட நிறைய பேருக்கு, ஷாக் எல்லாம் பொய்ங்கற முழு விவரத்தை அன்னைக்கு அந்த ரூம்லயே சொல்லல. பக்கத்து ரூம் ஆளு நல்லாத்தான் இருக்கார்னு காட்டி கைகுலுக்க வச்சு அனுப்பிட்டாங்க. முழுக்கதை அப்புறமா தபால்ல வந்த அறிக்கைலதான். நடுவுல அத்தனை நாளும் அந்த மனுஷன், நான் முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு ஷாக் வச்சவன்னு நெனச்சுக்கிட்டே வேலைக்குப் போய் வந்துட்டு இருந்திருக்கார்.

நான் இதை புத்தகத்துல மட்டும் படிச்சு எழுதலீங்க. எம்.எஸ்சி சைக்காலஜி படிக்கும்போது நானும் ஒரு சோதனைக்கு உக்காந்தேன். டிபார்ட்மென்ட்ல பிஎச்.டி பண்ணிட்டிருந்த ஒருத்தருக்கு ஆள் வேணும், வந்தா இன்டர்னல்ல அஞ்சு மார்க். வராதவங்களுக்கு வேற அசைன்மென்ட்னு சொன்னாங்க, அந்த அசைன்மென்ட் 20 பக்கம். இதுல சம்மதம் எங்க இருக்கு, சொல்லுங்க. கன்சென்ட் ஃபார்ம்ல எப்ப வேணா எழுந்து போகலாம்னு போட்டிருந்துச்சு, நெறிப்படுத்துறவங்க அடுத்த செமஸ்டர் நமக்கு பேப்பர் எடுக்கப்போறவங்க, யார் எழுந்து போவா.

கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா 30 முகம் வந்துச்சு, முழு முகம் கூட இல்ல, கண்ணு புருவம் மட்டும். அந்த ஆளு என்ன மனநிலைல இருக்கார்னு நாலு பதில்ல ஒண்ணை க்ளிக் பண்ணணும். முடிச்சதும் சாம்பல் கலர் ஸ்க்ரீன்ல வந்துச்சு: உங்கள் மதிப்பெண் 11, கலந்துகொண்டவர்களில் கடைசி 10 சதவீதம். அப்படியே அடுத்த பக்கம் இன்னொரு கேள்வித்தாள், என்னால எதையும் சமாளிக்க முடியும், ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களான்னு பத்து கேள்வி. அடிச்சு முடிச்சதும் அவர் தேங்க்ஸ் சொல்லிட்டு அடுத்தவங்களை உள்ள வரச்சொல்லுங்கன்னுட்டார். வெளிய என் ஃப்ரெண்டு நின்னுட்டிருந்தா, எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, ஈசிதான்னு சொல்லிட்டு நடந்துட்டேன்.

அந்த வருஷம்தான் நாங்க ஸ்பெஷலைசேஷன் எடுக்கணும். நான் கவுன்சிலிங் எடுக்கறதா இருந்தேன், எல்லார்கிட்டயும் சொல்லியும் வச்சிருந்தேன். எடுத்தது ஆர்கனைசேஷனல், வேலை பாக்குற இடங்களைப் பத்தின உளவியல். எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பாத்து என்னன்னு புரிஞ்சுக்கத் தெரியாதவளுக்கு கவுன்சிலிங் எதுக்குன்னு. இதை யார்கிட்டயும் சொல்லல, சொல்ல வெக்கமா இருந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு அந்த பிஎச்.டிகாரர் ஹால்ல ப்ரசன்டேஷன் குடுக்கும்போது ஒரு ஸ்லைடு போட்டார், ஃபால்ஸ் ஃபீட்பேக்னு. பாதிப் பேருக்கு 11, பாதிப் பேருக்கு 26, சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி, அவங்கவங்க என்ன க்ளிக் பண்ணாங்கங்கறதுக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே கிடையாது. உண்மையை டேட்டா கலெக்ஷன் முடிஞ்சதும் சொல்றதா ப்ளான் இருந்துச்சாம், முன்னாடியே சொன்னா விஷயம் வெளிய பரவி அடுத்து வர்றவங்களுக்குத் தெரிஞ்சிடும்ல. முடிஞ்சதும் செமஸ்டர் லீவ் வந்துடுச்சு, அப்படியே விட்டுப்போச்சு. அவர் கெட்டவர்லாம் இல்ல. மறந்துட்டார், அவ்ளோதான்.

சரி, பொய்னு தெரிஞ்சுடுச்சே, அப்புறம் என்னன்னு நீங்க கேக்கலாம். அதுதான் விஷயமே. தெரிஞ்ச அப்புறமும் அந்த 11 என்னை விட்டுப் போகல. அதுக்கு காரணத்தை ரொம்ப நாள் கழிச்சு ஒரு பழைய ஆய்வுல படிச்சப்ப அப்படியே உக்காந்துட்டேன். 1975-ல லீ ராஸ், லெப்பர், ஹப்பர்ட் மூணு பேரும் சேர்ந்து வெளியிட்டது. தற்கொலை பண்ணிக்கிட்டவங்க எழுதி வச்ச கடிதங்கள்ல எது நிஜம் எது இட்டுக்கட்டுனதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க, 25 தடவை. சிலருக்கு 24 சரின்னாங்க, சிலருக்கு 17, சிலருக்கு 10. எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணி வச்ச பொய். அப்புறம் உக்கார வச்சு, இது பொய், முன்னாடியே எழுதி வச்சதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க. சொன்னதுக்கப்புறம் நிஜமா நீங்க எத்தனை சரியா சொல்லியிருப்பீங்கன்னு நெனைக்கிறீங்கன்னு கேட்டா, 24-னு கேட்டவங்க அதிகமா சொல்றாங்க, 10-னு கேட்டவங்க கம்மியா சொல்றாங்க. பொய்னு தெரிஞ்ச பிறகும்! ஏன்னா அந்த நம்பரைக் கேட்டதும் மனசு அதுக்கு காரணம் தேடிக்கிச்சு, ஆமா நமக்கு மனுஷங்களைப் புரியாதுதான், அன்னைக்கு கூட இப்படி ஆச்சேன்னு. நம்பரை எடுத்துட்டாலும் தேடி வச்ச காரணமெல்லாம் அங்கயேதான் கிடக்கும். அதே ஆய்வுல இன்னொண்ணும் பண்ணாங்க, வெறும பொய்னு சொல்லி விடாம, மனசு இப்படி காரணம் தேடி ஒட்டிக்கும், அது உங்களுக்கும் நடந்திருக்கும், நடந்தா இப்படி இப்படி தோணும்னு விளக்கமா பேசுனாங்க. அப்பதான் அந்த ஒட்டல் விட்டுச்சு.

ஆக டிப்ரீஃபிங்னு நாங்க சொல்ற, சோதனை முடிஞ்சதும் உண்மையை விளக்கிச் சொல்ற அந்த கடைசி பத்து நிமிஷம் ஏதோ மரியாதைக்கு தேங்க்ஸ் சொல்ற சமாச்சாரம் கிடையாது. சோதனைல பாதி வேலையே அதுதான். ஆனா எத்திக்ஸ்னு பேச்சு வந்தா எல்லாரும் ஆரம்பத்துல கையெழுத்து வாங்குனீங்களாங்கறதுலயே நின்னுடுறாங்க. உங்க கட்டுரைலயும் கடைசி பத்தில இப்ப விதிமுறைகள் வந்துடுச்சு, சம்மதம் வாங்கணும்னு ஒரே வரில முடிச்சிருந்தீங்க. விதிமுறை வந்தது உண்மைதான். மனுஷங்களை வச்சு ஆய்வு பண்றதுக்கு 1947-ல வந்த நியூரம்பெர்க் விதிகள்ல முதல் வரியே சுய சம்மதம், 1964-ல ஹெல்சிங்கி பிரகடனம், அப்புறம் அமெரிக்காவுல டஸ்கெகீங்கற ஊர்ல ஏறக்குறைய 600 கறுப்பின ஆம்பளைங்களை வச்சு 1932-ல இருந்து 40 வருஷம், அதுல 399 பேருக்கு சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய், வைத்தியம் இருந்தும் குடுக்காம வேடிக்கை பார்த்தது வெளிய வந்து நாறுன பிறகு 1979-ல பெல்மான்ட் அறிக்கை. எல்லாம் சரி. அமெரிக்க உளவியல் சங்கத்தோட விதில ஏமாத்துற சோதனைக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, வேற வழி இல்லன்னாதான் பண்ணணும், உடம்பு வலியோ கடுமையான மனவேதனையோ வரும்னா பண்ணவே கூடாது, உண்மையை முடிஞ்ச அளவுக்கு சீக்கிரம் சொல்லணும், டேட்டா கலெக்ஷன் முடியறதைத் தாண்டி இழுக்கக்கூடாது, உண்மை தெரிஞ்சதும் அவங்க என் டேட்டாவை எடுத்துடுங்கன்னா எடுத்துடணும். இந்தக் கடைசி உரிமை இருக்கறதே கலந்துக்கிறவங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது அப்ப, சைக்காலஜி படிச்சுட்டு இருந்தவளுக்கே.

வந்தவங்களை எப்படி அனுப்பி வச்சாங்கன்னு பாக்கற கண்ணோட உங்க கட்டுரைய திருப்பிப் படிச்சுப் பாருங்க, எல்லாமே வேற மாதிரி தெரியும். 1920-ல வாட்சனும் ரேனரும்ங்கற ரெண்டு உளவியலாளர்கள் ஆல்பர்ட்னு பேர் சொல்ற 11 மாசக் குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, அது கையை நீட்டும்போது தலைக்குப் பின்னாடி இரும்புக் கம்பியை சுத்தியலால அடிச்சு பயப்படுத்துனது உங்க கட்டுரைல இருக்கு, அப்புறம் முயல் நாய் ரோமக் கோட்டு எதைப் பார்த்தாலும் அழுதுச்சுங்கறதும் இருக்கு. அந்த பயத்தை எடுக்காமயே குழந்தையை அனுப்பிட்டாங்கங்கறது இல்ல. குழந்தை ஆஸ்பத்திரிய விட்டுப் போகப்போற விஷயம் அவங்களுக்கு முன்கூட்டியே தெரியும், பயத்தை எப்படியெல்லாம் எடுக்கலாம்னு அவங்களே தங்களோட ஆய்வுக் கட்டுரைல யோசனை எழுதியும் இருக்காங்க, செய்யத்தான் இல்ல. எடுக்க முடியாத பயமும் இல்ல அது. 1924-ல மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர்ங்கற குட்டிப் பையனுக்கு பிடிச்ச தின்பண்டத்தைக் குடுத்துக்கிட்டே முயலைக் கூண்டோட கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்து, கடைசில அவன் அதை தொட்டு விளையாடுற அளவுக்கு கொண்டு வந்துட்டாங்க. பாடப்புத்தகத்துல ஆல்பர்ட்டுக்கு ஒரு பக்கம், பீட்டருக்கு ரெண்டு வரி.

1939-ல அயோவா பல்கலைக்கழகத்துல வெண்டல் ஜான்சனோட மேற்பார்வைல நடந்தது இன்னும் வயிறு எரியும். அனாதை விடுதில இருந்த 22 குழந்தைங்க. அதுல சரளமா பேசிட்டிருந்த ஆறு குழந்தைங்களைக் கூப்பிட்டு உங்களுக்கு திக்குது, பேசும்போது நிறுத்தி யோசிச்சுப் பேசுங்க, சரியா வரலன்னா பேசவே வேணாம்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க, சொன்னா திக்கல் வருமான்னு பாக்கறதுக்கு. அந்தக் குழந்தைங்க பேச்சையே குறைச்சுக்கிட்டாங்க. வேலையை செஞ்ச மாணவி மேரி டியூடர், மனசு கேக்காம அப்புறம் சில தடவை விடுதிக்குப் போய் இல்லம்மா நீங்க நல்லாத்தான் பேசுறீங்கன்னு சொல்லிப் பார்த்திருக்காங்க, அது போதல. இப்படி ஒரு சோதனைல நாம இருந்தோம்ங்கற விஷயமே அவங்களுக்கு 2001-ல ஒரு பத்திரிகை தோண்டி எடுத்து எழுதுன அப்புறம்தான் தெரிஞ்சுது, அறுபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, தாத்தா பாட்டி ஆயிட்டாங்க. பல்கலைக்கழகம் அந்த வருஷமே மன்னிப்பு கேட்டுச்சு, 2007-ல வழக்குல அயோவா மாநிலம் 9,25,000 டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு. பத்திரிகைனா இந்த வேலையும் செய்யலாம்னு உங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான் இதை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

இதெல்லாம் பழைய காலம்னு தள்ளிடாதீங்க. 2012 ஜனவரில ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேரோட நியூஸ் ஃபீட்ல கைவச்சுது, சிலருக்கு சந்தோஷமான போஸ்ட்டைக் குறைச்சாங்க, சிலருக்கு சோகமானதைக் குறைச்சாங்க, அப்புறம் அவங்க என்ன எழுதுறாங்கன்னு எண்ணிப் பார்த்தாங்க. 2014-ல ஆய்வு வெளிவந்தப்ப பெரிய சண்டை, சேரும்போது கண்டிஷன்ஸ் ஒத்துக்கிட்டீங்களே அதுதான் சம்மதம்னு அவங்க வாதம். விளைவு ரொம்ப ரொம்ப சின்னதுதான், அதையும் ஒத்துக்குறேன். ஆனா அந்த 6,89,003 பேர்ல ஒருத்தருக்காவது நீங்க அதுல இருந்தீங்க, அந்த வாரம் உங்க ஃபீட் அப்படி இருந்ததுக்கு காரணம் இதுதான்னு தனியா ஒரு மெசேஜ் போட்டாங்களா? ஏற்கனவே மனசு சரியில்லாத யாராவது அதுல இருந்திருந்தா அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்களோ நானோ கூட இருந்திருக்கலாம், ஆங்கிலத்துல ஃபேஸ்புக் பாக்கறவங்களைத்தான் எடுத்தாங்க.

இப்ப என் தப்புக்கு வர்றேன், அடுத்தவங்களையே சொல்லிட்டிருந்தா நல்லா இருக்காது. படிப்பு முடிச்சுட்டு ஒரு ப்ராஜெக்ட்ல ஒரு வருஷம் ரிசர்ச் அசிஸ்டன்ட்டா இருந்தேன். என் வேலை ஆள் பிடிக்கிறது, கூகுள் ஃபார்ம் லிங்க்கை க்ரூப் க்ரூப்பா ஃபார்வர்ட் பண்றது, சாயங்காலம் கைடுக்கு கணக்கு சொல்றது. இன்னைக்கு எத்தனை சப்ஜெக்ட் ஆச்சுன்னு கேப்பாங்க, 41 சப்ஜெக்ட் மேடம்னு சொல்வேன். சப்ஜெக்ட்னு எழுதாதீங்க, பங்கேற்பாளர்னு எழுதுங்கன்னு அமெரிக்க உளவியல் சங்கத்தோட எழுத்து முறை கையேடு 1994-லயே மாத்தச் சொல்லிடுச்சு, கட்டுரைல எல்லாரும் மாத்திட்டோம், வாய்ல மாறல.

அந்த ஃபார்ம்ல பி.எச்.க்யூ-9 இருந்துச்சு. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்க பயன்படுத்துற ஒன்பது கேள்வி, கடந்த ரெண்டு வாரத்துல இது உங்களுக்கு எத்தனை நாள் இருந்துச்சுன்னு பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும். ஒன்பதாவது கேள்வி, செத்துட்டா தேவலைன்னோ தன்னைக் காயப்படுத்திக்கணும்னோ நினைப்பு வந்துச்சான்னு. நாங்க லிங்க்கை மூணு வாரம் ஓடவிட்டு மொத்தமா எக்செல்ல இறக்குனோம். நான் வரிசையா பார்த்துட்டே வந்தேன், 112-வது வரிசைல ஒன்பதாவது கேள்விக்கான கட்டத்துல 3. கிட்டத்தட்ட தினமும்னு அர்த்தம். நேரம் பதிவாகியிருந்துச்சு, ராத்திரி 2.47. தேதி பார்த்தேன், நான் பாக்கறதுக்கு 19 நாளுக்கு முன்னாடி. வயசு 20, பெண், விடுதில தங்கிப் படிக்கிறவங்க. பேர் இல்ல, மெயில் இல்ல, போன் இல்ல. ஏன்னா எங்க கன்சென்ட் ஃபார்ம்லயே பெருமையா எழுதியிருந்தோம், உங்களை அடையாளம் காட்டுற எந்தத் தகவலும் கேக்க மாட்டோம்னு.

கைடுகிட்ட போய் சொன்னேன். அவங்க ரொம்ப நேரம் பேசல, அப்புறம் நம்ம ப்ரோட்டோகால்ல இதுக்கு ஒண்ணும் எழுதலையே, யாருன்னு தெரியாம என்ன பண்ண முடியும்னாங்க. உண்மைதான், அந்த நிமிஷத்துல ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா லிங்க்கை அனுப்புறதுக்கு முன்னாடி யோசிச்சிருந்தா பண்ணியிருக்கலாம், பெரிய செலவும் இல்ல. யாருக்கும் காட்டாம ரகசியமா வச்சுக்கிறதுக்கும் யாருன்னே தெரியாம வச்சுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஒரு கோட் நம்பர் குடுத்து பேரைத் தனியா பூட்டி வச்சிருந்தா தேவைப்படும்போது மட்டும் திறந்திருக்கலாம். இல்ல ஒன்பதாவதுக்கு பூஜ்யத்தைத் தவிர வேற எதைத் தட்டுனாலும் உடனே இன்னொரு பக்கம் திறந்து, இப்பவே பேச இந்த நம்பருக்கு கூப்பிடுங்கன்னு வர்ற மாதிரி வச்சிருக்கலாம், ஃபார்ம்ல அதுக்கு வசதி இருக்கு, பத்து நிமிஷ வேலை. இல்ல பதில்களை தினமும் பார்க்க முடியலன்னா அந்தக் கேள்வியையே எடுத்துட்டு மீதி எட்டை மட்டும் வச்சிருக்கலாம், அப்படி எட்டுக் கேள்வி வடிவமும் இருக்கு, இந்தக் காரணத்துக்காகவே ஆய்வுகள்ல பயன்படுத்துறாங்க. எதுவும் பண்ணல. அப்புறம் நான் எக்செல்ல எழுபத்தி சொச்சம் அரைகுறை பதிலை நீக்கினேன், அந்த 112-வது பதில் முழுசா நிரப்பியிருந்ததால இருந்துச்சு. சராசரி எடுத்தோம், அதுல அந்த 3-ம் சேர்ந்துச்சு.

தற்கொலை எண்ணத்தைப் பத்தி கேக்கறதே தப்பு, கேட்டா நினைப்பு வந்துடும்னு சிலர் சொல்வாங்க. அது தப்பு. 2005-ல மேட்லின் கூல்டும் அவங்க கூட்டாளிகளும் நியூயார்க் பக்கம் ஆறு உயர்நிலைப் பள்ளில 2,342 பசங்ககிட்ட பாதிப் பேரைக் கேட்டும் பாதிப் பேரைக் கேக்காமலும் வச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க, கேட்டதால யாருக்கும் எண்ணம் கூடல, ஏற்கனவே சோர்வா இருந்த பசங்களுக்கு கேட்டது கொஞ்சம் ஆறுதலாவே இருந்திருக்கும் போலன்னு தெரிஞ்சுது. தாராளமா கேளுங்க. கேட்டுட்டு பதிலைப் படிக்காம 19 நாள் வச்சிருக்கறதைத்தான் என்னால மன்னிக்க முடியல, என்னையும் சேர்த்து.

இன்னொரு பதிலும் வரும், இவ்ளோ கட்டுப்பாடு போட்டா ஆராய்ச்சியே நடக்காது, எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா என்னத்தைக் கண்டுபிடிக்கிறதுன்னு. மில்கிராம் சோதனையையே ஜெர்ரி பர்கர்னு ஒருத்தர் திரும்ப நடத்தி 2009-ல வெளியிட்டார், எப்படின்னு பாருங்க. 150 வோல்ட்டோட நிறுத்திட்டார், ஏன்னா பழைய சோதனைல அதைத் தாண்டுனவங்கள்ல முக்காவாசிக்கு மேல கடைசி வரைக்கும் போயிருந்தாங்க, அதனால அங்கயே பதில் கிடைச்சிடும். மனநல நிபுணரை வச்சு நேர்ல பேசி, தாங்க மாட்டாங்கன்னு தோணுனவங்களை முன்னாடியே விலக்கிட்டார். பாதில போனாலும் 50 டாலர் உங்களுக்குத்தான்னு மூணு தடவை சொன்னார். முடிஞ்சு சில வினாடிலயே ஷாக் எதுவும் போகலன்னு சொல்லி பக்கத்து ரூம் ஆளையும் உள்ள கூட்டி வந்துட்டார். 70 சதவீதம் பேர் 150-ஐத் தாண்டவும் தயாராத்தான் இருந்தாங்க. ஆராய்ச்சியும் நடந்துச்சு, யாரும் மாசக்கணக்கா தூக்கம் கெட்டும் திரியல. செய்யணும்னு நெனச்சா வழி இருக்கு, சோம்பேறித்தனத்துக்கு அறிவியல்னு பேர் வைக்காம இருந்தா போதும்.

இப்ப உங்க க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணதும் ஃபார்ம் திறந்துச்சு. மேல ரெண்டு வரி, மன அழுத்தம் பத்திய ஆய்வு, உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்னு. எந்த நிறுவனம், யார் வழிநடத்துறாங்க, எந்த எத்திக்ஸ் கமிட்டி பார்த்து ஒத்துக்கிட்டாங்க, சந்தேகம்னா யாருக்கு எழுதணும், ஒண்ணும் இல்ல. பதினெட்டு வயசு ஆச்சான்னு கூட கேக்கல, சொன்னேன்ல, அந்தப் பக்கத்தை என் பையனும் படிச்சான், அவன் ஒன்பதாவது படிக்கிறான். தொடர ஒப்புக்கொள்கிறேன்னு ஒரு டிக். மொத்தம் 22 கேள்வி, அதுல பி.எச்.க்யூ ஒன்பதும் அப்படியே இருக்கு, ஒன்பதாவது உட்பட. கடைசில போன் நம்பர் கேட்டிருந்தாங்க. பரவால்லையே, கூப்பிடுவாங்க போலன்னு ஒரு வினாடி சந்தோஷப்பட்டேன். பக்கத்துல சின்னதா எழுதியிருந்துச்சு, பரிசுக் குலுக்கலுக்கு மட்டும்னு.

அந்த மாணவர் மேல எனக்கு கோவம் இல்ல, அவர் இடத்துல நான் இருந்திருக்கேன். லட்சக்கணக்கான பேர் கைல போற பக்கத்துல அந்தக் கோடை அச்சடிச்சது நீங்க. விளம்பரம்னா ஆயிரம் கேள்வி கேப்பீங்கல்ல. இனிமே யாராவது ஆய்வுன்னு லிங்க் கொண்டு வந்தா கமிட்டி ஒப்புதல் எங்கன்னு கேளுங்க, பதில்களை யார் தினமும் பாக்குறாங்கன்னு பேரோட கேளுங்க, முதல்ல நீங்களே போன்ல திறந்து கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பாருங்க. முக்கியமா இப்ப ஓடிட்டிருக்கிற அந்த ஃபார்மை இன்னைக்கே நிறுத்தச் சொல்லி, வந்திருக்கிற பதில்களைத் திறந்து ஒன்பதாவது கேள்விக்கு வந்த பதில்களை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, குலுக்கலுக்கு குடுத்த நம்பர்தான் கைல இருக்கே, தேவைப்பட்டவங்களுக்கு பயிற்சி உள்ள ஒருத்தரை வச்சு கூப்பிடச் சொல்லுங்க. இந்தக் கடிதத்தை அச்சுல போடுறீங்களோ இல்லையோ, அதை செஞ்சுட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, முகவரி கீழ தனியா இணைச்சிருக்கேன், அதை வெளியிட வேணாம்.

நான் ஒன்பதாவது கேள்விக்கு வேணும்னே 3 தட்டிட்டு, பரிசு நம்பரையும் போட்டு அனுப்பிப் பார்த்தேன். உங்கள் பதில் பதிவாகிவிட்டதுன்னு ஒரு வரி வந்துச்சு, அதுக்குக் கீழ, இன்னொரு பதிலை அனுப்பவான்னு ஒரு லிங்க். நாலு நாள் ஆச்சு, போன் வரல.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையின் நெடுநாள் வாசகி